வயர் எட்டும் தூரம்

கொழிஞ்சாம்பாறை வாசகசாலை ஆண்டுவிழா.
மைக்செட் நான்தான்.
நோட்டீஸில்
திருவாதிரைக்களிக்குப் பிறகு, மிமிக்ரிக்கு முன்னால்
ஒற்றை வரி:
மாட்டுப்பாட்டு. நடுப்புணி மசக்காளி. ஏழு நிமிடம்.

சட்டையில் கடை மடிப்பு கலையவில்லை.
சாட்டைக்குச்சி மேடைக்கு வேண்டாம் என்று
சுகுணன் மாஷ் வாங்கி வைத்துவிட்டார்.
வெறுங்கையை எங்கே போடுவதென்று தெரியாமல்
ஸ்டாண்டைப் பிடித்தார்,
மூக்கணாங்கயிறுபோல, கொஞ்சம் இளக்கி.

எக்கோ போடட்டுமா என்றேன்.
"எதுக்கு? சொன்னதையே திருப்பிச் சொல்ல
எனக்குத் தெரியாதா."

நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை.
நின்றார், வரவில்லை.
இரண்டு முறை செருமினார்.
முன்வரிசையில் யாரோ ஒரு குழந்தை
அதைப்போலவே செருமிக் காட்டியது.

மைக்கைக் கழற்றிக் கையில் கொடுத்தேன்.
கால் அசைந்ததும் வாய் திறந்தது:

"செவலை நீ முன்ன போ, உனக்கு வழி தெரியும்
மயிலை நீ ஒட்டி நட, உனக்குச் செவலையைத் தெரியும்
காரி, உனக்கு ஒண்ணுமே தெரியாது
நீ எங்கூடப் பேசிட்டு வா"

மேடை பன்னிரண்டு அடி.
ஆறு எட்டில் தீர்ந்துவிட்டது.
திரும்பினார், பாட்டு அறுந்தது.
பழைய மூலைக்குப் போய்
மறுபடி முதலிலிருந்து,
மறுபடி ஆறே எட்டு.

என்ன என்று மாஷ் கையை விரித்தார்.
மைக்கிலேயே பதில்:
"மேக்க போற பாட்டுத்தானுங்க இருக்கு.
திரும்பறதுக்குப் பாட்டில்ல.
வர்றப்ப பஸ்ல வந்துருவோம்."

எல்லோரும் சிரித்தார்கள்.
அவர் சில்லறை எண்ணிக் கொடுத்தவர்போல நின்றார்.

கல்யாண வீடுகளுக்கென்று ஒரு சுருள் வைத்திருக்கிறேன்.
நாற்பது மீட்டர், இரண்டு இடத்தில் டேப் சுற்றியது.
சேர்த்தேன்.
எறங்குங்க, என்றேன்.

இறங்கினார். நாற்காலிகள் கரகரவென்று ஒதுங்கின.
சேலை முந்தானைகளுக்கும் செருப்புகளுக்கும் நடுவே
நான் வயரை விட்டுக்கொண்டே பின்னால்.
பொள்ளாச்சிச் சந்தை கலைந்த ராத்திரி,
செக்போஸ்ட் விளக்கு, கள்ளுக்கடைப் பேச்சு,
பனைக்குப் பின்னாலிருந்து குரைக்கிற நாய்
எல்லாம் அந்த நடைக்குள் இருந்தன.
ரோட்டில் ஒரு டெம்போ ஹாரன் அடித்ததும்
குரலை இறக்கினார், ஏற்றவில்லை.
இருட்டில் சத்தம் வந்தால்
அதற்கும் கீழே போய்த்தான் பாட வேண்டுமாம்.
வால்யூம் திருகியில் வைத்த விரலை
எடுத்துக்கொண்டேன்.

மேற்கே போன மாடு எதுவும்
திரும்பி வந்து
தாளம் தப்பிற்று என்று சொன்னதில்லை.

மூன்றாம் வரிசையில் மீரான் ராவுத்தர்.
முப்பது வருஷம் வாணியங்குளத்தில்
கயிறு கைமாற்றி வாங்கியவர்.
கை தட்டவில்லை.
தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட் தாண்டி, பஞ்சர் கடை வாசலில்
வயர் விறைத்தது.
அந்த இழுப்பை அவர் கை அறியும். நின்றார்.
"இன்னும் வாணியங்குளம் வரைக்கும் இருக்குதுங்க,"
என்று மைக்கை என்னிடம் நீட்டினார்.
பத்தொன்பது நிமிடம் ஆகியிருந்தது.
மிமிக்ரிப் பையன் மேடையோரம்
ரயிலாகக் கூவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ராவுத்தர் எழுந்து வந்தார்.
தோள்துண்டை உதறி
மசக்காளியின் வலக்கை மேல் போட்டு
உள்ளே தன் கையை விட்டார்.
துண்டு அசைந்தது.
இவர் தலையாட்டினார், இல்லை என்று.
மறுபடி அசைந்தது.
ஒரு விரல் மடங்கினாற்போல இருந்தது, யாருடையதோ.
துண்டு தோளுக்குப் போயிற்று.
இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

விலையைச் சந்தையில் யாரும் கேட்பதில்லை.
நானும் கேட்கவில்லை.
முழங்கைக்கும் கட்டைவிரலுக்குமாக
வயரைச் சுற்றிக்கொண்டே
மேடைக்கு நடந்தேன்,
நாற்பது மீட்டர் கிழக்கே,
வாயில் ஒன்றும் வராமல்.